பட்டையைப் போட்டு வை

அக்கா, அந்த மூட்டையைக் கொஞ்சம் மடிக்கு எடுத்துக்கிறீங்களா? எனக்கு இடம் பத்தலைன்னு கேட்கலை. உங்க தோளுக்குப் பின்னாடி, கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் என்ன போட்டிருக்குன்னு திரும்பிப் பாருங்க. அவசர வழி. அந்த வழியை அடைச்சுச் சுங்குடிச் சேலையா அடுக்கி வச்சிருக்கீங்க. பஸ் கவிழ்ந்தால் ஆளுக்கொரு சேலையைக் கட்டிக்கிட்டு மெதுவாகக் கிளம்பலாம்னு யோசனையா?

சிரிப்பு வருதா? சிரிச்சுக்கிட்டே எடுங்க.

மாட்டீங்க. சின்னப் பிள்ளை சொல்லி நாம கேட்கிறதான்னு இருக்கு உங்களுக்கு. சரி. கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாருங்க.

“யாரும்மா அது அவசர வழியில மூட்டை போட்டது? செக்கிங் ஏறுறாங்க, எடு எடு எடு!”

ஆங். எவ்வளவு வேகம்! கண்டக்டரைத் தேடாதீங்க. அவர் டிரைவர் பக்கத்தில் நின்னு வாழைப்பழம் உரிச்சுக்கிட்டிருக்கார். பேசினது நான்தான். அவர் குரலைத் திருமங்கலம் தாண்டும்போதே எடுத்துட்டேன். ஒண்ணும் கஷ்டமில்லை. மூக்கை லேசாக அடைச்சுக்கிட்டுக் கடைசி வார்த்தையை மூணு தரம் சொன்னால் எந்தக் கண்டக்டரும் வந்துருவார்.

கோபப்படாதீங்க அக்கா. மூட்டை மடியிலேயே இருக்கட்டும். நான் சொல்ல வந்ததே இதுதான். என் குரலில் சொன்னேன், சிரிச்சீங்க. அவர் குரலில் சொன்னேன், எடுத்தீங்க. சொன்ன விஷயம் ஒண்ணுதானே? இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இன்னைக்குக் காலையில் என்னைப் படிக்கிற இடத்திலிருந்து வெளியே போகச் சொல்லிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ளே திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்குவாங்களாம். கேட்கலைன்னா என் பேரை அடிச்சுருவாங்களாம். அடிக்கட்டும். நான் கோவில்பட்டிக்கு டிக்கெட் எடுத்துட்டேன்.

பேரா? பேச்சியம்மாள். நல்ல பேர்தானே? உங்களுக்குத் தெரியுது. எங்க பிரின்ஸ்பாலுக்குத் தெரியலை. விமானப் பணிப்பெண் பயிற்சி மையம் அது, மதுரை ரிங் ரோட்டில். ‘வெண்மேகம்’னு போர்டு போட்டிருக்கும். சேர்ந்த அன்னைக்கே, “பேச்சின்னு சட்டையில குத்திக்கிட்டு நின்னா பயணிங்க பயந்துருவாங்கம்மா, இனிமே நீ பியா” அப்படின்னுட்டார். பியாவாம். எங்க தெருவில் அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டால், எந்தப் பிள்ளைக்கோ கால் கழுவணும் போலன்னு யாராவது சொம்பைத் தூக்கிட்டு வருவாங்க.

அவர் பேர் தணிகாசலம். ஆள் எப்படின்னால்... இருங்க, ஆளையே காட்டுறேன். “க்கும். டிசிப்ளின்தான் முதல்ல. சிரிப்பு அப்புறம். புரிஞ்சதா, புரியலையா, புரிஞ்சிருக்கும்.” இவ்வளவுதான் அவர். எதைச் சொன்னாலும் முன்னாடி அந்த ‘க்கும்’, பின்னாடி அந்த ‘புரிஞ்சிருக்கும்’. நடுவில் என்ன இருந்தாலும் யாரும் கவனிக்கிறதில்லை. அந்தக் ‘க்கும்’தான் அக்கா சூட்சுமம். தொண்டையிலிருந்து வரக்கூடாது, நெஞ்சுக்குள்ளிருந்து வரணும். என் பக்கத்துக் கட்டில் ரோஸ்லினுக்கு மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்திருக்கேன். குரல் அப்படியே வரும் அவளுக்கு, அச்சு அசலாக வரும். அந்த ‘க்கும்’ மட்டும் வராது. விட்டுருவாள். அதிலேயே மாட்டிக்குவாள்.

அவர் குரலை வச்சு நான் என்ன பெரிய அநியாயம் பண்ணிட்டேன்? ஒருநாள் அட்டெண்டர் தேவசகாயத்துக்கு உள்போனில், “க்கும், வகுப்புக்கு முழுக்க டீயும் வடையும் கொண்டு வா” அப்படின்னேன். வந்தது. எல்லோரும் சாப்பிட்டோம். பிரின்ஸ்பாலும் வந்து ஒரு வடை சாப்பிட்டுட்டு, “யார் வாங்கிக் குடுத்தது?”ன்னு கேட்டார். நீங்கதான்னு சொன்னதும் பேசாமல் இன்னொரு வடையை எடுத்துக்கிட்டார். அன்னைக்கு யாருக்காவது கோபம் வந்ததா?

சரி, பட்டைக்கு வர்றேன். பட்டைன்னால் என்னன்னு தெரியணும் உங்களுக்கு.

அங்கே ஒரு பழைய விமானம் இருக்கு. விமானம்னால் முழுசு இல்லை. தலையும் கிடையாது, வாலும் கிடையாது. மீன்காரம்மா தனியாக எடுத்து வச்ச நடுத்துண்டு மாதிரி ஒரு கொட்டகைக்குள்ளே கிடக்கும். உள்ளே நிஜமான சீட்டு, நிஜமான கதவு. அதில்தான் பயிற்சி. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டி வச்சிருக்காங்க, இருட்டுப் பயிற்சிக்காக. அந்த விமானத்தில் நடக்கிற வழி இருக்கு பாருங்க, சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில், அந்தத் தரையில் ரெண்டு ஓரமும் நீளமாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். பகலில் பார்த்தால் வெளுத்த ரிப்பன் மாதிரி இருக்கும், ஒண்ணுமே தெரியாது. விளக்கெல்லாம் அணைஞ்சதும்தான் அது வேலையைக் காட்டும். பச்சையாக ஒளிரும். கதவு வரைக்கும் கோடு போட்டுக் கூட்டிட்டுப் போகும்.

மேலே விளக்கு இருக்கும்போது தரையில் எதுக்குன்னு கேட்கிறீங்களா? நானும் கேட்டேன். தீப்பிடிச்சால் புகை மேலேதான் போகும். மேலே இருக்கிற விளக்கு தெரியாது, ‘வெளியே’ன்னு எழுதின பலகை தெரியாது. ஆள் குனிஞ்சு, தவழ்ந்து போகணும். அப்போ கண்ணுக்குத் தெரியறது தரைதான். அதனால்தான் தரையில் வச்சிருக்கான்.

அந்தப் பட்டைக்கு வயர் கிடையாது, பேட்டரி கிடையாது. அது வெளிச்சத்தைக் குடிக்கும் அக்கா. அன்னைக்கு முதல் பயணம் கிளம்புறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கிற விளக்கையெல்லாம் நல்லாப் போட்டு வைக்கணும். வயிறு நிறையக் குடிச்சுக்கும். அப்புறம் இருட்டினால் குடிச்சதைத் திருப்பிக் கொடுக்கும். குடிக்க விடலைன்னால் வெறும் ரிப்பன்தான். அது மேலே கார்ப்பெட்டோ, பையோ, அழுக்கோ எதுவும் மூடக் கூடாது. இதுதான் விதி. எங்க டீச்சர் பாடத்தில் நடத்தினதிலேயே எனக்குப் பிடிச்ச விதி. வகுப்பில் அதுக்கு நாங்க வச்ச பேர் ‘பட்டை போடுறது’. லைட்டைப் போடுறோம், ஃபேனைப் போடுறோம், அதுமாதிரி பட்டையைப் போடுறோம். “பட்டை போட்டாச்சாட்டீ?” “போட்டாச்சு.” அப்படித்தான் கேட்டுக்குவோம்.

இன்னைக்கு விஜயதசமி. நல்ல நாள்னு பிரின்ஸ்பால் இன்னைக்குத்தான் பெரிய நிகழ்ச்சியை வச்சார். ஒரு விமானக் கம்பெனியிலிருந்து வசுந்தரான்னு ஒரு மேடம். வருஷக்கணக்காக வானத்திலேயே இருந்தவங்க. எங்களை இருட்டுப் பயிற்சி பண்ணச் சொல்லிப் பார்த்துட்டுச் சாயங்காலம் ஆள் எடுப்பாங்க. எடுத்தால் வேலை. நேரே வேலை. எங்க அப்பா டீக்கடையில் எல்லோர்கிட்டயும், “எம்புள்ள அடுத்த மாசத்திலேயிருந்து மேலேதான் இருப்பா”ன்னு சொல்லிட்டு அலையிறார். கேட்கிறவங்களுக்குத் தூக்கிவாரிப் போடுது.

நேத்து ஆயுத பூஜை. அதான் வினையே. காலையில் பூஜை. மெயின் சுவிட்ச் போர்டுக்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. விமானக் கதவுக்கு மாலை. தள்ளுவண்டிக்குக் கூட ஒரு பொட்டு. பூஜை முடிஞ்சதும் பிரின்ஸ்பால் மெயினை அணைச்சுட்டு, “க்கும், மெஷினுக்கெல்லாம் இன்னைக்கு ரெஸ்ட். நாளைக்கு மறுபூஜை முடியிற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கப்படாது. புரிஞ்சதா, புரியலையா, புரிஞ்சிருக்கும்” அப்படின்னுட்டார்.

நான் அப்போவே போய்ச் சொன்னேன் அக்கா. சத்தியமாக. என் சொந்தக் குரலில். “சார், மத்ததுக்கெல்லாம் ரெஸ்ட் குடுங்க சார். பட்டைக்கு வெளிச்சம் காட்டணும் சார். நாளைக்கு மறுபூஜை முடிஞ்ச கையோட பயிற்சி வச்சிருக்கீங்க. அது எப்போ குடிக்கும்?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பியா, நீ யார் குரல்ல பேசுறே?”ன்னார்.

“என் குரல்தான் சார்.”

“அப்படியா? கேட்டதே இல்லையே. போ, போ. சுண்டல் வாங்கிட்டுப் போ.”

சுண்டல் கொடுத்தார். வாங்கிக்கிட்டேன். நல்லாத்தான் இருந்தது. ஆனால் பட்டை பட்டினியாகக் கிடக்குதே! மெயின் இருக்கிற அறைக்குச் சாவி தேவசகாயத்துக்கிட்ட. அவர்கிட்ட நான் போய்க் கேட்டால் தருவாரா? “ஏ பிள்ளே, ஐயா சொல்லாம நான் தர மாட்டேன்” அப்படிம்பார். சரி, ஐயாவே சொல்லட்டும்னு முடிவு பண்ணினேன். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு விமானத்துக் கடைசியில் இருக்கிற உள்போனை எடுத்தேன். அதுக்கு மட்டும் தனி பேட்டரி. நெஞ்சிலிருந்து ஒரு ‘க்கும்’ போட்டேன்.

“க்கும். தேவசகாயம்! அந்தப் பட்டையைப் போட்டு வை. நாளைக்குக் காலையில பளிச்சுன்னு தெரியணும். புரிஞ்சதா, புரியலையா, புரிஞ்சிருக்கும்.”

“சரிங்க ஐயா”ன்னார். நான் போனை வச்சுட்டுப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போ நீங்களே சொல்லுங்க. நான் சொன்னதில் என்ன தப்பு? விதி அதுதான். வார்த்தை அதுதான். எங்க வகுப்பில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பட்டையைப் போடுன்னால் விளக்கைப் போடுன்னுதான் அர்த்தம். ஆனால் தேவசகாயம் வகுப்பிலா உட்கார்ந்திருந்தார்? நாசரேத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போறவர். அன்னைக்கு ஆயுத பூஜை. கையில் பூஜைச் சாமான் பை. அதுக்குள்ளே ஒரு பெரிய பொட்டலம் விபூதி. ஐயா போன் பண்ணிப் பட்டையைப் போட்டு வைன்னு சொல்றார். மனுஷன் என்ன நினைப்பார்?

சிரிங்க, சிரிங்க. இதுக்குச் சிரிக்கலாம்.

டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு விமானம் முழுக்கப் பட்டை போட்டார் அக்கா. விபூதியைத் தண்ணீர் விட்டுக் குழைச்சு, கதவுக்கு மூணு கோடு, சீட்டு முதுகுக்கெல்லாம் மூணு கோடு. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தரையில் ரெண்டு ஓரமும் நீளமாகப் பட்டை இருந்ததா, ‘ஏற்கெனவே கோடு போட்டு வச்சிருக்காங்க, அது மேலதான் போடணும் போல’ன்னு நினைச்சுட்டார். பளிச்சுன்னு தெரியணும்னு வேற நான் சொல்லியிருக்கேனா? ஒரு பூச்சு பூசி, காய விட்டு, அது மேலே இன்னொரு பூச்சு. சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. பாவம், முட்டி போட்டே போட்டிருக்கார். அவர் சாமிக்குக் கூட அவ்வளவு நேரம் முட்டி போட்டிருக்க மாட்டார்.

காலையில் பிரின்ஸ்பால் மறுபூஜையை முடிச்சுட்டு, விளக்கைப் போட்டு உள்ளே வந்து பார்த்தார். பார்த்துட்டு என்ன சொன்னார் தெரியுமா? நான் வாசலில் நின்னு கேட்டேன். “பலே! லட்சணமா இருக்கே! பட்டை பளிச்சுன்னு இருக்கே!” அப்படின்னார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. அவர் கண்ணால் பார்த்தார், வாயால் பாராட்டினார்.

நான் எட்டிப் பார்த்தேன். “சார், இது அந்தப் பட்டை இல்லை சார், நிறுத்துங்க சார், துடைச்சுட்டுக் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டுவோம்”னேன். “நல்ல நேரம் போயிட்டிருக்கு, நீ உன் கதவுக்குப் போ”ன்னார். பெற்றோரெல்லாம் பயணிங்க மாதிரி விமானச் சீட்டில் வந்து உட்கார்ந்தாச்சு. வசுந்தரா மேடம் நடுவில் உட்கார்ந்தாச்சு. புகைக்கு மெஷின் கிடையாது எங்ககிட்ட. பிரின்ஸ்பால் சாம்பிராணி போட்டுட்டார். பயிற்சியும் ஆச்சு, பூஜையும் ஆச்சு.

விளக்கை அணைச்சாங்க.

இருட்டுன்னால் உங்க வீட்டில் கரண்ட் போனால் வர்ற இருட்டு இல்லை அக்கா. கையைக் கண்ணுக்கு முன்னாடி ஆட்டினால் கை இருக்காங்கிற சந்தேகம் வரும். தரையில் பச்சைக் கோடு வரணும். வரலை. அங்கங்கே கொசு அளவுக்கு ஒரு மினுக்கல். அதுவும் போயிருச்சு. சாம்பிராணி தொண்டையை அடைக்குது. ஒருத்தர் இருமினார். ஒரு அம்மா, “ஏங்க, எங்கேங்க இருக்கீங்க?”ன்னாங்க. எவரோ எழுந்தார், எவர் மேலேயோ விழுந்தார். “என் செருப்பு!” “என் கை!” “யாருய்யா அது என் தலையில?” ஒரே தள்ளுமுள்ளு. பயிற்சிதான்னு எல்லோருக்கும் தெரியும். தெரிஞ்சும் பயம் வந்துருச்சு பாருங்க. ஒரு சின்னக் குழந்தை வேற அழ ஆரம்பிச்சது.

நான் கத்தினேன். என் குரலில். “யாரும் எழுந்திரிக்காதீங்க! அப்படியே உட்காருங்க!”

“ஏ பேச்சி, விளையாடாதட்டீ!” இது ரோஸ்லின். என் சிநேகிதி!

“யாரோ புள்ள கிண்டல் பண்ணுது”ன்னு ஒருத்தர்.

வேறென்ன பண்ணச் சொல்றீங்க? நெஞ்சைப் பிடிச்சேன். “க்கும்! ஒருத்தரும் எழுந்திரிக்கப்படாது! உட்காரு! புரிஞ்சதா, புரியலையா, புரிஞ்சிருக்கும்!”

எல்லோரும் உட்கார்ந்தாங்க. படக்குன்னு. ஒரு சத்தம் இல்லை. அழுத பிள்ளை கூட நிறுத்திருச்சு. விளக்கு வந்த பிறகு பார்த்தேன், பிரின்ஸ்பாலும் உட்கார்ந்திருந்தார்! நடைவழியில், சம்மணம் போட்டு, பேன்ட் முழுக்க விபூதியோட. அவர் குரலுக்கு அவரே கட்டுப்பட்டுட்டார் அக்கா!

கண்ணுக்கு வழி தெரியலைன்னால் காதுக்கு வழி காட்டணும். அதுவும் விதிதான். கதவைத் திறந்து வச்சுக்கிட்டுக் கூப்பிட்டேன், அதையும் அவர் குரலிலேயே. கதவைத் திறந்தாலும் வெளிச்சம் வராது, வெளியே கொட்டகைக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தாங்க. “இந்தக் குரல் வர்ற பக்கம் வாங்க. சீட்டு முதுகைப் பிடிச்சுக்கிட்டே வாங்க. குனிஞ்சு வாங்க. அடுத்த வரிசை. அடுத்த வரிசை.” ஒவ்வொருத்தர் கையாகப் பிடிச்சு வெளியே விட்டேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. முட்டியில் சிராய்ப்பு ஒண்ணு ரெண்டு. அவ்வளவுதான்.

வசுந்தரா மேடம் கடைசியாக வந்தாங்க. கதவில் நின்னு, “உங்க பிரின்ஸ்பால் நல்லா சத்தம் குடுத்தார்”னாங்க. அந்த நேரம் பார்த்து விளக்கைப் போட்டாங்க. அவங்களுக்குப் பின்னாடி பிரின்ஸ்பால் சம்மணத்திலிருந்து எழுந்துக்கிட்டிருக்கார். அந்தம்மா அவரைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. “கூப்பிட்டது நீயா?”ன்னாங்க. ஆமாம்னேன். திரும்ப உள்ளே போய்க் குனிஞ்சு தரைப் பட்டையை விரலால் தேய்ச்சாங்க. விரலை மோந்து பார்த்தாங்க. இவங்கெல்லாம் இப்படித்தான் அக்கா. பெரிய இடம். ஒரு வார்த்தை நமக்காகப் பேச மாட்டாங்க.

அப்புறம் விசாரணை. “யார் பண்ணினது இதை?”ன்னு பிரின்ஸ்பால் கத்தினார். தேவசகாயம் கையைக் கட்டிக்கிட்டு, “ஐயா, நீங்கதானே போன்ல சொன்னீங்க?”ன்னார்.

“நானா?”

“நீங்கதான் ஐயா. பட்டையைப் போட்டு வைன்னீங்க. புரிஞ்சிருக்கும்னீங்க.”

பிரின்ஸ்பால் மெதுவாகத் திரும்பினார். வகுப்பு திரும்பியது. பெற்றோரெல்லாம் திரும்பினாங்க. எல்லோரும் என்னைப் பார்க்கிறாங்க. யாரும் ஒரு வார்த்தை என்னைக் கேட்கலை. கேட்காமலே தெரிஞ்சுருச்சாம்.

நான் ஒளிக்கலை. “ஆமா, நான்தான் சொன்னேன். பட்டைக்கு வெளிச்சம் காட்டச் சொன்னேன். விதி அது”ன்னேன். அவர் என்னென்னவோ சொன்னார். சாமியைக் கிண்டல் பண்ணிட்டேனாம். கால் மிதிக்கிற இடத்தில் விபூதி போட வச்சேனாம். முன்னாடியே திட்டம் போட்டதால்தான் இருட்டில் கூப்பிடத் தயாராக நின்னேனாம். எப்படி இருக்கு பாருங்க! பட்டை தெரியாதுன்னு சொன்னதும் நான், அதனால் பட்டையைக் கெடுத்ததும் நான்!

தேவசகாயம் மட்டும் அப்புறமாகக் கொட்டகைக்குப் பின்னாடி வந்து சொன்னார். கோபமே இல்லை அவருக்கு. “ஏ பிள்ளே, நீயா வந்து சொல்லியிருந்தா, எந்தப் பட்டைன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்லா? ஐயா குரல் கேட்டா ‘சரிங்க’ன்னுதானே வாயில வருது” அப்படின்னார். இது ஒரு பேச்சா அக்கா? கேள்வி கேட்கத் தெரியாதது அவர் குறை. அதுக்கு நானா பொறுப்பு? எனக்கு அது என்னன்னே புரியலை. விட்டுட்டேன்.

கடைசியில் பிரின்ஸ்பால் மைக்கைக் கையில் கொடுத்தார். பெற்றோர் முன்னாடி, மேடம் முன்னாடி, நான் வேணும்னேதான் கெடுத்தேன், மன்னிச்சிருங்கன்னு சொல்லணுமாம். சொன்னால் சாயங்காலத் தேர்வில் உட்காரலாம். “உன் சொந்தக் குரல்ல சொல்லு”ன்னு வேற சொன்னார். நேத்து அதே சொந்தக் குரலைத்தான் சுண்டல் கொடுத்து அனுப்பினார். இன்னைக்கு வேணுமாம்!

மைக்கை வாங்கினேன். எங்க அப்பா மூஞ்சி ஞாபகம் வந்தது. டீக்கடை ஞாபகம் வந்தது. சொல்லிருவோமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், பொய் சொல்வானேன். அப்புறம் தரையைப் பார்த்தேன். அந்தப் பட்டை அப்படியே கிடக்கு, வெள்ளையாக, குருடாக. நிஜ விமானமாக இருந்திருந்தால்? நான் சொன்னது தப்புன்னு என் வாயாலேயே சொல்லணுமா?

“க்கும்” அப்படின்னேன்.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. “க்கும். பட்டைக்கு வெளிச்சம் காட்டச் சொல்லி ஒரு பொண்ணு என்கிட்ட வந்து சொன்னா. நான் சுண்டல் குடுத்து அனுப்பிட்டேன். மெஷினுக்கு ரெஸ்ட் குடுத்தேன். உங்க எல்லாரையும் இருட்டுல விட்டேன். என்னை மன்னிச்சிருங்க. புரிஞ்சதா, புரியலையா, புரிஞ்சிருக்கும்.”

கொட்டகையே அதிர்ந்துருச்சு அக்கா. ரோஸ்லின் அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரிச்சார். வசுந்தரா மேடம் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கிட்டாங்க. சிரிச்ச மாதிரியும் இருந்தது, சாம்பிராணிக்கு இருமின மாதிரியும் இருந்தது. பிரின்ஸ்பால் சிரிக்கலை. வாசலைக் காட்டினார். பெட்டியை எடுத்தேன், மாட்டுத்தாவணிக்கு வந்தேன், பஸ் ஏறினேன், உங்க மூட்டை பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் கதை.

வருத்தமா? எனக்கென்ன வருத்தம்? வேலை போனால் போகுது. சாத்தூர் தாண்டியாச்சா? பாருங்க, எவ்வளவு சீக்கிரம் வந்துருச்சு. நான் மறுபடி அங்கே போறதுன்னால் அவரே வந்து கூப்பிடணும். தன் வாயாலே, தன் தப்புன்னு சொல்லணும். அது நடக்கிற காரியமா?

இருங்க, போன்.

மையத்து ஆபீஸ் நம்பர். இது ரோஸ்லின்தான். சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் போனில் உட்கார்றது அவள் முறை. பாருங்க, இப்போ வேடிக்கையைப் பாருங்க. ஸ்பீக்கரில் போடுறேன், நீங்களும் கேளுங்க.

“ஹலோ.”

“பேச்சியம்மா... நான் தணிகாசலம் பேசுறேன்மா.”

கேட்டீங்களா? பேச்சியம்மாவாம்! குரல் அப்படியே இருக்குல்ல? நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் மாட்டிக்கிட்டாள் பாருங்க. ‘க்கும்’ எங்கே? உஷ், பேசட்டும்.

“எங்கேம்மா இருக்கே? வசுந்தரா மேடம் உன்னைத்தான் கேக்குறாங்க. நீ இல்லாம தேர்வு வேண்டாங்கிறாங்க. பட்டையைத் துடைச்சு, விளக்கைப் போட்டு வச்சு, எல்லாரையும் மறுபடி உட்கார வச்சுக் காட்டினாங்க. அப்படியே பச்சையா... நீ சொன்னது சரிதாம்மா. நான்தான் கேக்கலை. தப்பு என்னோடதுதான். நீ எங்க இருக்கியோ அங்கேயே இறங்கி நில்லு, வண்டி அனுப்புறேன்.”

ஐயோ, சிரிப்பை அடக்க முடியலை எனக்கு. குரல் நடுங்குதாம் பாருங்க! அந்த மனுஷனுக்குக் குரல் நடுங்குமா? அழுகிற மாதிரி வேற. இருங்க, நான் அவர் குரலிலேயே திருப்பிக் கொடுக்கிறேன்.

“க்கும்! ரோஸ்லின்! யார்கிட்ட? கத்துக் குடுத்தவகிட்டயேவா? பேச்சியம்மானு ஒருநாளாவது அந்த ஆள் என்னைக் கூப்பிட்டிருக்காரா? தப்பு என்னோடதுன்னு ஒருநாளாவது அந்த வாய் சொல்லியிருக்கா? வெக்கமா இல்ல? இன்னும் ரெண்டு மாசம் தொண்டையைப் பழக்கிட்டு வா. புரிஞ்சதா, புரியலையா, புரிஞ்சிருக்கும்! போனை வை!”

வச்சுட்டேன். எப்படி?

என்னக்கா, அப்படிப் பார்க்கிறீங்க? நிஜம் மாதிரி இருந்ததா? நிஜம் மாதிரி இருக்கணும், அதுக்குத்தானே பழக்கினேன். கண்டக்டர் குரலைக் கேட்டு மூட்டையை எடுத்தவங்கதானே நீங்க. உங்களை ஏமாத்துறது சுலபம். என்னை ஏமாத்த முடியாது. எனக்குக் குரல் தெரியும்.

மறுபடி அடிக்குது பாருங்க. விட மாட்டேங்கிறாள். அடிக்கட்டும். எவ்வளவு நேரம் நடிப்பாள்னு பார்ப்போம்.

கோவில்பட்டி வந்துருச்சு. வர்றேன் அக்கா. நான் இறங்கினதும் அந்த மூட்டையைத் திரும்பக் கண்ணாடியில் சாய்ச்சுறாதீங்க. இது என் குரல்தான், கேளுங்க.